உன் இரண்டாவது துப்பாக்கியைப் பற்றி

தம்பி,

இந்தக் கடிதம் முதலில் உன் கைக்கு வரும். அதன் பிறகுதான் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் போகும். மலருக்குப் பொறுப்பானவர் என்னிடம் கேட்டது கடிதமே இல்லை. "அண்ணே, அந்தக் காட்டுச் சம்பவத்த நீங்களே எழுதிக் குடுத்திருங்கண்ணே, போட்டோவோட போட்டுரலாம்லா" என்றார். வருடா வருடம் சுதந்திர மாதத்தில் தமிழ்ப்பள்ளி மேடையில் ஏறி நான் சொல்கிற அதே கதை. சரி என்று வாயால் சொல்லிவிட்டேனே தவிர, நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. ஐந்தாவது நாள் உன்னுடைய வாட்ஸ்அப் வந்தது.

"அப்பா, ஸ்னைப்பர் கோர்ஸ் பாஸ். ரெண்டாவது ஆயுதம் எது வேணும்னு ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கெழம எழுதிக் குடுக்கணும். எல்லாரும் கார்பைன்தான் எடுக்குறாங்க. நான் பிஸ்டல். உங்கள மாதிரி."

உன் அம்மா அதைப் பக்கத்து வீடு வரைக்கும் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.  நான் கட்டைவிரல் படம் ஒன்றை உனக்கு அனுப்பினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. நீ அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது ஆசீர்வாதம் இல்லை. பயந்துபோன ஒரு கிழவனின் கட்டைவிரல்.

நீ எங்கே போகிறாய், எப்போது போகிறாய் என்பதை இங்கே எழுத மாட்டேன். அந்த அளவுக்குப் புத்தி இன்னும் இருக்கிறது. மலரைப் படிப்பவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். ஸ்னைப்பர் என்றால் தனியாக மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவன் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டு பேர். ஒருவன் நீளத் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருப்பான். மற்றவன் தூரக்கண்ணாடியால் பார்த்து, காற்று எப்படி, தூரம் எவ்வளவு என்று சொல்வான். முதுகுப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்வதும் அவன்தான். நீளத் துப்பாக்கி அறுநூறு மீட்டரில் ராஜா. பத்தடியில் அது விறகுக்கட்டை. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும், அந்த நீளத்தைப் புதருக்குள் திருப்பவும் முடியாது. அதனால்தான் கிட்டத்துக்கு என்று இரண்டாவதாக ஒன்று. இடுப்பில் வைக்கிற கைத்துப்பாக்கியா, கார்பைன் என்கிற குட்டை ரைபிளா என்பதுதான் உன்னிடம் இப்போது கேட்டிருக்கிற கேள்வி.

நான் மேடையில் சொல்கிற கதை உனக்கு மனப்பாடம். எல்லைக் காட்டில் மறைந்திருந்த கிளர்ச்சிக்காரர்களைத் தேடிப் போன மூன்றாம் நாள் காலை, என் கூட்டாளி சவரி, அதாவது உன் சவரி மாமா, காய்ச்சலில் கிடக்கிறான். பின்னால் இருந்து ஒருவன் வருகிறான், சுடுகிறான், சவரி காலில் குண்டு பாய்கிறது. நான் புரண்டு எழுந்து, கைத்துப்பாக்கியை உருவி, பத்தடியில் இரண்டே குண்டில் அவனை விரட்டுகிறேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆறு வயதில் நீ சோபாவுக்குப் பின்னால் இருந்து குதித்து 'டப், டப்' என்று இரண்டு தரம் மட்டும் சுடுவாய். மற்ற பிள்ளைகள் சகட்டுமேனிக்குச் சுடுவார்கள், நீ மட்டும் எண்ணி இரண்டு. அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கு எனக்கே விளங்கவில்லை.

தம்பி, அந்தக் கதை பொய். சவரி காலில் குண்டு பாய்ந்தது உண்மை, ஒருவன் வந்தது உண்மை, என் துப்பாக்கியில் இரண்டு குண்டு குறைந்தது உண்மை. நான் காப்பாற்றினேன் என்பது பொய். நாலு பேர் முன்னால் சொன்ன பொய் என்பதால் நாலு பேர் படிக்கிற இடத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் நீ படிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படிக்க வேண்டும்.

நான் ஏன் கைத்துப்பாக்கியை எடுத்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஸ்னைப்பர் ஜோடிக்கும் இதே கேள்வி வந்தது. சவரியிடம் எம்-16 ரைபிள் இருந்தது, கூட்டாளிக்கு அது கட்டாயம். எனக்குத்தான் குட்டை ரைபிளா, கைத்துப்பாக்கியா என்று கேட்டார்கள். சவரி தெளிவாகவே சொன்னான். "மச்சான், நீயும் ஒரு ரைபிள எடுத்துக்க. நான் படுத்துட்டா நம்ம ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா?" நான் கேட்கவில்லை. எடை அதிகம், கொடியில் மாட்டும், ஊர்ந்து போகச் சூசா, சிரமம், அப்படி இப்படி என்று அடுக்கினேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான், இன்றைக்கு உன் ஆசிரியர் கேட்டாலும் ஒத்துக்கொள்வார். ஆனால் என் காரணம் அதில்லை. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒரே ஒருவர், மானேஜர் துரை. அவர் ஜீப்பை விட்டு இறங்கினால் கணக்கு எழுதும் கிராணி, வேலை வாங்கும் மண்டோர், மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பா எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்தத் தோல் உறையைத்தான் பார்ப்பார்கள். பட்டாளத்திலும் ஆபீசர்களுக்குத்தான் அது. எனக்கு ஒரு தரம் அதை இடுப்பில் கட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். லயத்து வீட்டுப் பையனின் தலைக்கனம், வேறொன்றும் இல்லை.

கட்டிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. சவரி பின்னால் நின்று, "ஐயா, பிரட்டுக்கு நேரமாச்சுங்களா?" என்று கிண்டல் செய்தான். பிரட்டு என்றால் விடிகாலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அவனும் தைப்பிங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், என் மனசு அவனுக்கு எழுதி ஒட்டினது போலத் தெரியும்.

அடுத்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்கள் ஆயுதக் கிடங்கில் ஒரு சார்ஜன் இருந்தார். காட்டிலிருந்து திரும்பினால் வெள்ளைத் துணியை விரலில் சுற்றித் துப்பாக்கியின் மூலைமுடுக்கெல்லாம் துடைப்பார். துணியில் துருக்கறை தெரிந்தால் லீவு ரத்து. சண்டையில் என்ன செய்தாய் என்று கேட்க மாட்டார், துருவை மட்டும் கேட்பார். நாங்கள் எதிரிக்குப் பயந்ததை விட அந்தத் துணிக்குத்தான் அதிகம் பயந்தோம். அப்போது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தீபாவளி லீவில் லகாட்டில் பெண் பார்க்கப் போவதாக வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பெண் யார் என்று உனக்குத் தெரியும், இப்போது அடுப்படியில் இருக்கிறாள். அந்த மாதம் மழை விடவே இல்லை. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், கைத்துப்பாக்கிக்கு எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் பையில் போட்டு, சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டின பட்டையால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்து, அப்படியே உறைக்குள் வைத்தேன்.

சைக்கிள் டியூப்புப் பட்டை என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பால் வாளியைச் சைக்கிள் கேரியரில் கட்டுவது அதில்தான். பள்ளத்தில் விழுந்தாலும் வாளி அசையாது. நனைந்தால் அவிழ்ப்பது இன்னும் கஷ்டம். என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முடிச்சு, நான் அதைத் துப்பாக்கியின் மேல் போட்டேன். சவரி பார்த்தான். "ஆத்தரம் அவசரத்துக்கு எப்படி எடுப்ப?" என்றான். "நீ எதுக்கு இருக்க?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் சொன்னது அதுதான், தம்பி. நீ எதுக்கு இருக்க.

மூன்றாம் நாள் காலை அவனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. பல் கடகடவென்று ஆடியது. நான் அவனைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீளத் துப்பாக்கியோடு ஓடைக்கு எதிர்ப்பக்கத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த ஒற்றையடித் தடத்தைப் பார்க்க ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இலை நசுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால் பத்தடியில் ஒருவன் நிற்கிறான். எங்கள் வயதுதான் இருக்கும். நனைந்த சட்டை, ஒட்டின கன்னம். அவனும் எங்களை எதிர்பார்த்து வரவில்லை, முகத்தில் தெரிந்தது. அவன் வாய் திறந்துதான் இருந்தது.

நீளத் துப்பாக்கியை இழுத்தேன், குழல் வேரில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு இடுப்புக்குக் கை போனது. உறை திறந்தது, பை வந்தது, துப்பாக்கி வரவில்லை. மூன்று நாள் மழையில் ஊறிப்போன விரல், நகத்துக்கு முடிச்சு அகப்படவில்லை. பல்லால் கடித்தேன். ரப்பர் வழுக்கி வழுக்கிப் போனது. எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த ருசி இன்றைக்கும் சைக்கிள் கடைப் பக்கம் போனால் நாக்கில் வருகிறது. இதெல்லாம் எழுதுவதற்குத்தான் நேரமாகிறது, அங்கே நடந்தது நாலைந்து மூச்சு. அதற்குள் சவரி எழுந்துவிட்டான். காய்ச்சலில் கிடந்தவன் எம்-16ஐத் தூக்கிக்கொண்டு எனக்கும் வந்தவனுக்கும் நடுவில் வந்து நின்றான். படுத்தபடியே சுட்டிருக்கலாம், ஆனால் நடுவில் நான் பையைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன், வந்தவனை நான்தான் மறைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். சவரி முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு விழுந்தான். அந்த ஆள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, இலையெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டு ஓடினான். அவன் பிழைத்தானா இல்லையா என்று தெரியாது. அவனையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அவன் போன பிறகுதான் பை கிழிந்தது. துப்பாக்கி கைக்கு வந்தது. நான் யாரும் இல்லாத பெரணிப் புதரைப் பார்த்து இரண்டு தரம் சுட்டேன். வீரம் இல்லை, நடுக்கம். உன் இரண்டு 'டப்'பும் அதுதான்.

மதியம் எங்கள் ஆட்கள் வந்தார்கள். சவரிக்கு நினைவில்லை. ஆபீசர் என் கைத்துப்பாக்கியை வாங்கி, குண்டை எண்ணிப் பார்த்து, நீயா தடுத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் என் தோளைத் தட்டினார். காயம் பட்டவன் கண்மண் தெரியாமல் சுட்டிருப்பான், மற்றவன்தான் நின்று விரட்டியிருக்கிறான் என்று அவராகவே முடிவுகட்டி எழுதிக்கொண்டார். பிறகு மலாயில் மறுபடி கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். பிளாஸ்டிக் பை அப்போது என் கால்சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. சவரிக்குக் காலை எடுத்தார்கள். எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தீபாவளிக்கு லீவும் கொடுத்தார்கள். துப்பாக்கியில் துரு இல்லை.

இதை உன் அம்மாவிடம் போன திங்கட்கிழமைதான் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை, எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"அப்ப, என்னப் பாக்க வரணும்னுதான் அத சுத்தி வச்சீங்களா?"

"ஆமா."

"அதையும் என் தலையில போடாதீங்க."

 கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே மேலும் சொன்னாள். "அவன் கெளம்புறதுக்குள்ள சொல்லிருங்க. நீங்க சொல்லலன்னா நான் போன் போட்டுச் சொல்லுவேன். அப்புறம் உங்க இஷ்டம்." கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சவரியிடம் கேட்க வேண்டும் என்று புதன்கிழமை தைப்பிங் போனேன். இங்கே சிம்பாங் பூலாயில் நல்ல வெயில், தைப்பிங் போய்ச் சேர்ந்தால் கொட்டுகிறது, வழக்கம்போல. பட்டாளத்தை விட்டதும் அரசாங்க ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து ரிட்டயர் ஆனவன், இப்போது பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டு மலர் சமாச்சாரத்தையும் உன் வாட்ஸ்அப்பையும் சொன்னேன். டிவியை நிறுத்தினான்.

இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்விதான். கேட்டுவிட்டேன்.

"நான் கண்ண முழிக்கிறப்பவே பேப்பர்லாம் கையெழுத்து ஆயிருச்சு மச்சான். நீ கட்டில் பக்கத்துல உக்காந்து ஓன்னு அழுதுகிட்டு இருக்க. நான் வாயத் தொறந்தா உன் வேலை போயிரும், கல்யாணம் நின்னுரும். காலு ஒண்ணு போச்சு, கூட்டாளியும் போகணுமான்னு விட்டுட்டேன்."

அதோடு முடித்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். ஆண்டாண்டாக நான் நம்பிக்கொண்டிருந்ததும் அதைத்தான். சவரி மன்னித்துவிட்டான், விஷயம் முடிந்தது. ஆனால் அவன் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு கேக்குறேன். கிறிஸ்மஸுக்கு நீ வர்றப்பல்லாம் என் மக மொதக் கேக்குத் துண்ட வெட்டி ஒன் வாயில ஊட்டுறா. எங்கப்பா உசுரக் காப்பாத்துன மாமாங்குறா. அப்ப நான் எங்க பாப்பேன், தெரியுமா?"

தெரியவில்லை. நான் ஒருநாளும் அவனைப் பார்த்ததில்லை. கேக்கைத்தான் தின்றிருக்கிறேன்.

"ஜன்னலப் பாப்பேன்லா" என்றான். "நீ ஒம் பையனுக்கு எழுது. வேணாங்கல. மொதல்ல உள்ள இருக்குறா, அவகிட்டச் சொல்லு."

அவன் மகள் பிலோமினா ஆஸ்பத்திரியில் தாதி, அன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள். நீ பிலோ அக்கா, பிலோ அக்கா என்று சுற்றிக்கொண்டிருந்தவன், அவள் முகம் உனக்குத் தெரியும், எதையும் மறைக்கத் தெரியாத முகம். கோப்பி கொண்டுவந்து வைத்தவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பை, டியூப்பு, பல், எதையும் விடவில்லை. பூசி மெழுக விடாமல் சவரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் சொன்னேன். அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்களா எந்திரிச்சீங்க?"

"ஆமாம்மா."

"காய்ச்சலோடயா?"

"ஆமா."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவன் தொடையில் முகத்தை வைத்துக்கொண்டாள். தாதி வேலை பார்க்கிற பெண், தினமும் ரத்தமும் சீழும் பார்க்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். சவரி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் இருந்ததை நான் என்ன என்று சொல்வது? தன் பிள்ளை தன்னை முதல் தரம் பார்ப்பதைப் பார்க்கிற ஒரு தகப்பன். இத்தனை வருடம் அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவனுடைய கால் போனதற்கு மழையைச் சொல்லலாம், விதியைச் சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்வது? இதை நான் தெரிந்தே எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது பிலோ என்னைப் பார்த்து, "மழையா இருக்கு, பாத்துப் போங்க அங்கிள்" என்றாள். பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவள். எனக்கு வர வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் காலத்துச் சாமான்கள் வேறு. உறையே நீர் புகாதது, துரு ஏறாத பூச்சு, எடையும் பாதி என்கிறாய். நான் சொல்வதில் பாதி பழைய பஞ்சாங்கமாக இருக்கலாம். ஆனாலும் கேள். கைத்துப்பாக்கி எடுப்பது தப்பில்லை. உன் கூட்டாளி அமிருல் முழு ரைபிள் தூக்குகிறான் என்றால், நீ மணிக்கணக்கில் ஊர்ந்து போகிற இடம் என்றால், அது சரியாகவே இருக்கலாம். ஒரு கையில் வேரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுக்கலாம், பொந்துக்குள் திருப்பலாம். ஆனால் கை நடுங்குகிறவனுக்குப் பதினைந்து அடிக்கு மேல் அது சத்தம் மட்டும்தான். நாலு பேர் துரத்தினால் அதை வைத்துக்கொண்டு ஓடி வர முடியாது. குட்டை ரைபிள் கொடியில் மாட்டும், முதுகை அறுக்கும், நீளத் துப்பாக்கியோடு சேர்த்து இழுத்தால் மூன்றாம் நாள் அழுகை வரும். ஆனால் அமிருல் படுத்துவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் தப்பி வர அதுதான் கதவு. ஆயுதத்தை இடுப்பில் வைக்கிறாயா, நெஞ்சில் வைக்கிறாயா என்பதையும் யோசி. குப்புறப் படுத்திருக்கிறவனுக்கு இடுப்பு சேற்றுக்குள் இருக்கும்.

உனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மழை வரும் ஒரு நாளில் இரண்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் முகாமுக்குப் பின்னால் ஏதாவது ஓடையில் போய்ப் படுங்கள். குண்டு வேண்டாம், வெறும் துப்பாக்கி. நாலு மணி நேரம் அசையாதே. விரல் ஊறட்டும், கால் மரத்துப்போகட்டும். பிறகு அமிருலைச் சொல்லாமல் கொள்ளாமல் கத்தச் சொல். எது கைக்கு வருகிறதோ அதை எழுதிக் கொடு. இடது கையாலும் செய்து பார். அவனையும் செய்யச் சொல், நீ பார். எது அழகாக இருக்கிறது, ஆபீசர் எதைக் கட்டுகிறார், உன் அப்பன் எதைக் கட்டினான் என்பதெல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்து போகட்டும். சோதனைக்குப் பயந்து எதையும் மூடி வைக்காதே. துரு ஏறினால் தேய்த்துக்கொள்ளலாம், லீவு போனால் அடுத்த வருடம் வரும்.

நான் சொல்லித்தான் நீ பட்டாளத்தில் சேர்ந்தாய் என்று உன் அம்மா சொல்வாள். நீயும் கேட்பவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறாய். என் பொய்யைக் கேட்டு ஒரு பிள்ளை உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்குப் போயிருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கோபப்படு. திட்டு. ஒரு மாதம் பேசாமல் இரு. ஆனால் அந்தக் காகிதத்தை மட்டும் என் பேரை நினைத்துக்கொண்டு எழுதாதே.

தைப்பிங்கில் நான் காரை எடுக்கும்போது சவரி பொய்க்காலை மாட்டிக்கொண்டு குடை பிடித்துக் கேட் வரைக்கும் வந்தான். கோபத்தில்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கார்க் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னான்.

"தம்பிகிட்டச் சொல்லு. பிஸ்டல் எடுக்கட்டும், ரைபிள் எடுக்கட்டும், அது அவன் பாடு. ஆனா நேரத்துக்கு அது கையில வரலன்னா பக்கத்துல இருக்குறவன் எந்திரிச்சிருவான். யோசிக்க மாட்டான்லா. நானும் யோசிக்கல."

தம்பி, நீ உயிரோடு திரும்பி வர வேண்டும். அமிருலும் தன் இரண்டு காலில் நடந்து அவன் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும். இரண்டில் முதலாவது மட்டும் நடந்தால் உனக்கு என் வாழ்க்கைதான் கிடைக்கும், அது உனக்கு வேண்டாம்.

அப்பா